பெரிய கேம்களை இரவில் தானாக டவுன்லோட் செய்ய வைப்பது எப்படி? காலையில் ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி இதுதான்: பகலில் வீட்டில் எல்லோரும் நெட் பயன்படுத்துவதால், 100 ஜிபி அளவுள்ள கேம் இரவு 1 மணிக்கு மேல் இறங்க வேண்டும். கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி இறக்கும் ஸ்டீம் புரோகிராமில் நேரம் குறித்து வைத்தும் புது கேம் உடனே இறங்க ஆரம்பித்துவிடுகிறது. சரி என்று இரவில் ஓட விட்டுத் தூங்கினால், காலையில் 14 சதவீதத்தில் நிற்கிறது. ஏன்?

இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். முதலாவதற்குக் காரணம், ஸ்டீமில் உள்ள அந்த நேர அமைப்பு புது கேமுக்கானதே இல்லை. இரண்டாவதில் ஸ்டீமைக் குறை சொல்ல அதிகம் இல்லை. கம்ப்யூட்டர் தூங்கிப்போவது, விண்டோஸ் ரீஸ்டார்ட் ஆவது, ரவுட்டர் நடு இரவில் அணைந்து எழுவது என்று வேறு காரணங்கள் இருக்கும். நேரம் குறிப்பது இதில் சின்ன வேலை. குறித்த நேரத்தில் மெஷின் விழித்திருக்க வேண்டும், லாகின் ஆகியிருக்க வேண்டும், டிஸ்க்கில் இடம் இருக்க வேண்டும். அந்த மூன்றுதான் பெரிய வேலை.

முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். நெட் நிறுவனம் சொல்லும் வேகம் மெகாபிட்டில். ஸ்டீம் காட்டுவது வழக்கமாக மெகாபைட்டில். 8 ஆல் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பி (மெகாபைட்), நடைமுறையில் 11 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு 1 முதல் காலை 6 வரை 5 மணி நேரம், அதாவது 18,000 நொடிகள். அந்த இடைவெளியில் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஏறக்குறைய 198 ஜிபி இறங்கும். 40 எம்பிபிஎஸ் என்றால் 79 ஜிபி. 20 எம்பிபிஎஸ் என்றால் 40 ஜிபிதான். ஆக, 40 எம்பிபிஎஸ் வைத்திருப்பவர் 100 ஜிபி கேமை ஒரே இரவில் முடிக்க நினைத்தால், எந்த செட்டிங்கை மாற்றினாலும் நடக்காது; இரண்டு இரவுகள் என்று திட்டமிட வேண்டும். காலையில் பாதியில் நிற்கிறதே என்று வருந்துபவர்களில் ஒரு பகுதியினருக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை, கணக்குதான் இடிக்கிறது.

இப்போது ஸ்டீம். செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பக்கத்துக்குப் போனால் 'ஷெட்யூல் ஆட்டோ-அப்டேட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்து தொடக்க மணியும் முடிவு மணியும் கொடுக்கலாம். பெயரைக் கவனியுங்கள்: ஆட்டோ-அப்டேட். ஏற்கெனவே இன்ஸ்டால் செய்த கேம்களுக்குத் தானாக வரும் அப்டேட்டுகளை மட்டும்தான் அது தள்ளிவைக்கும். நீங்களே இன்ஸ்டால் பட்டனை அழுத்தினால், 'இவருக்கு இப்போதே வேண்டும்' என்று எடுத்துக்கொண்டு உடனே ஆரம்பிக்கும். அதேபோல, அப்டேட் பாக்கியுள்ள கேமில் பிளே அழுத்தினாலும் நேரத்தைப் பார்க்காமல் இறக்கத் தொடங்கும். ஒவ்வொரு கேமின் பிராப்பர்ட்டீஸிலும் அப்டேட்ஸ் என்ற பகுதி உண்டு. அடிக்கடி விளையாடாத கேம்களுக்கு அங்கே 'கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொடாத கேம்கள் வாராவாரம் இழுக்கும் டேட்டா அதிலேயே மிச்சமாகும்.

புது கேமை இரவுக்குத் தள்ளச் சுற்றுவழி ஒன்று இருக்கிறது. பாதி இறங்கிய கேமை விட்டுவிட்டு ஸ்டீமை மூடினால், அடுத்த முறை திறக்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைத்தான் பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம். பகலில் இன்ஸ்டால் அழுத்தி, எந்த டிரைவ் என்று தேர்ந்தெடுத்து, ஒப்பந்தப் பெட்டி வந்தால் ஏற்றுக்கொண்டு, ஒரு நிமிடம் இறங்க விடுங்கள். பிறகு பாஸ் செய்யாதீர்கள். கையால் பாஸ் செய்தது தானாகத் தொடராது, மறுபடி நீங்கள்தான் அழுத்த வேண்டும். பாஸுக்குப் பதிலாக ஸ்டீமையே முழுதாக மூடுங்கள். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்துவது மூடுவதாகாது. அது கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஸ்டீம் மெனுவில் எக்ஸிட் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஸ்டீம் தானாகத் திறக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்து, குறித்த நேரத்தில் ஒரு புரோகிராமைத் தானாகத் திறக்க விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலர். அதைத் திறந்து 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். 'கிரியேட் பேசிக் டாஸ்க்' வேண்டாம், அதில் நமக்குத் தேவையான கட்டங்கள் முதலில் வராது. ஜெனரல் பக்கத்தில் 'பயனர் லாகின் செய்திருக்கும்போது மட்டும் ஓடு' என்பதே இருக்கட்டும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்டீம் உங்கள் திரைக்கு வராத ஒரு மறைவான செஷனில் ஓடும். காலையில் ஒன்றும் புரியாது. திரை லாக் ஆகியிருந்தால் பரவாயில்லை, சைன் அவுட் ஆகியிருக்கக் கூடாது. டிரிகர்ஸ் பக்கத்தில் நேரத்தைக் கொடுங்கள். ஆக்‌ஷன்ஸ் பக்கத்தில் ஸ்டீம் இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஃபோல்டரிலுள்ள ஸ்டீம் புரோகிராமைக் காட்டுங்கள். கண்டிஷன்ஸ் பக்கம்தான் முக்கியம். அங்கே 'இந்த டாஸ்க்கை ஓட்டக் கம்ப்யூட்டரை எழுப்பு' என்பதை டிக் செய்ய வேண்டும். அதற்கு மேலேயே 'மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்று ஒன்று வழக்கமாகவே டிக் ஆகியிருக்கும். லேப்டாப்பை சார்ஜரில் போடாமல் விட்டால் டாஸ்க் ஓடாததற்கு அதுதான் காரணம்.

எழுப்பு என்று சொன்னால் மட்டும் எழாது. பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில், ஸ்லீப் என்பதன் கீழே 'அலோ வேக் டைமர்ஸ்' இருக்கிறது. பல மெஷின்களில் அது 'முக்கியமான வேக் டைமர்கள் மட்டும்' என்று இருக்கும். விண்டோஸைப் பொறுத்தவரை உங்கள் கேம் முக்கியமானது அல்ல. 'எனேபிள்' என்று மாற்றுங்கள். எழுந்த பிறகு மீண்டும் தூங்காமல் இருக்க, சார்ஜரில் உள்ளபோது ஸ்லீப் 'நெவர்' என்று வையுங்கள். ஆளில்லாமல் தானாக எழுந்த மெஷின் சீக்கிரமே திரும்பத் தூங்கப் பார்க்கும். 'எழுந்தது, 2 ஜிபி இறங்கியது, நின்றுவிட்டது' என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லேப்டாப் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்ற அமைப்பும் அதே இடத்தில் உண்டு. ஆனால் மூடிவைத்து ஐந்து மணி நேரம் ஓட விடுவதானால் மெத்தை மேல் வைக்காதீர்கள். திறந்து வைத்து, திரையை மட்டும் அணைப்பது நல்லது.

காலையில் நிறுத்த இன்னொரு டாஸ்க் போடலாம். அதே புரோகிராம், ஆனால் ஆர்க்யுமென்ட் கட்டத்தில் கழித்தல் குறி போட்டு, இடைவெளி விடாமல் ஷட்டவுன் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டீம் ஒழுங்காக மூடிக்கொள்ளும், இறங்கியதும் பத்திரமாக இருக்கும். மறுநாள் இரவு முதல் டாஸ்க் திறக்கும்போது தொடரும். டாஸ்க்கை வைத்துத் திறப்பவர்கள் ஸ்டீமுக்குள் உள்ள ஆட்டோ-அப்டேட் நேரத்தையும் அந்த மணிகளுக்கே வைத்துவிடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். இரண்டு கடிகாரங்கள் இரண்டு விதமாகச் சொன்னால், எது எதைத் தடுக்கிறது என்று தேடியே நேரம் போய்விடும்.

இனி 14 சதவீதத்தில் நிற்கும் கதைக்கு வருவோம்.

முதல் சந்தேகம் விண்டோஸ் அப்டேட் மேல். 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று நீங்கள் வேலை செய்யும் நேரத்தை விண்டோஸ் தெரிந்துவைத்திருக்கும். அதற்கு வெளியே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். ஆக்டிவ் ஹவர்ஸ் அதிகபட்சம் 18 மணி நேரம். மிச்சம் எப்போது? நள்ளிரவு, நாம் டவுன்லோட் வைத்த அதே நேரம். ரீஸ்டார்ட் ஆன பிறகு லாகின் திரையில் காத்திருக்கும், ஸ்டீம் திறக்காது. பெரிய டவுன்லோட் வைக்கும் வாரத்தில் விண்டோஸ் அப்டேட்டை 7 நாள் பாஸ் செய்துவிடலாம், அல்லது மாலையிலேயே நிலுவையிலுள்ள அப்டேட்டை முடித்து ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மீண்டும் லாகின் ஆகி வைக்கலாம். இரண்டாவதே நல்ல பழக்கம். பாஸ் செய்தவர்கள் திரும்ப ஆன் செய்ய மறந்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஏதாவது ஒரு கேமை மினிமைஸ் செய்துவிட்டுப் படுத்திருப்பது. 'விளையாடும்போது டவுன்லோடை அனுமதி' என்ற அமைப்பு ஸ்டீமில் வழக்கமாக அணைந்தே இருக்கும். கேம் திறந்திருக்கும் வரை ஸ்டீம் எதையும் இறக்காது. கேமுக்கு வெளியே வந்துவிட்டோம் என்று நினைத்திருப்போம். அதைத் திறந்துவிடும் சின்ன புரோகிராமான லாஞ்சர் மட்டும் மிச்சமிருந்தாலும் ஸ்டீம் கணக்கில் நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது, ரவுட்டர். நிறைய ரவுட்டர்களில் நள்ளிரவில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதி உண்டு, சிலவற்றில் இரவில் வைஃபையை அணைக்கும் அட்டவணையும் உண்டு. நெட் நிறுவனங்களும் பராமரிப்புப் பணியை அந்த நேரத்தில்தான் வைத்துக்கொள்ளும். இணைப்பு சில நிமிடங்கள் போய் வந்தால் ஸ்டீம் தானாகத் தொடரும். கம்ப்யூட்டரின் வைஃபை மட்டும் திரும்பக் கனெக்ட் ஆகாமல் நின்றால்தான் சிக்கல். இரவுக்காவது ஒரு ஈதர்நெட் கேபிள் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் போய்விடும், வேகமும் சீராக இருக்கும். ஸ்டீம் சர்வர்களுக்குச் செவ்வாய்க்கிழமை வழக்கமான பராமரிப்பு இருக்கிறது. அன்று சில நிமிடங்கள் நின்றால் எதையும் நோண்டாதீர்கள்.

நான்காவது, இடம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'அப்டேட் 3 ஜிபிதான், 20 ஜிபி காலி இருக்கிறது, ஆனாலும் இடம் போதாது என்கிறது' என்று குழம்புபவர்கள் அதிகம். ஸ்டீம் கேமைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, சுருக்கிய வடிவில் இறக்குகிறது. அப்டேட் வரும்போது மாறிய துண்டுகளை மட்டும் இறக்கும். ஆனால் பல கேம்கள் தங்கள் பொருள்களையெல்லாம் பத்து, இருபது, நாற்பது ஜிபி அளவுள்ள சில பெரிய ஃபைல்களில் அடைத்து வைத்திருக்கின்றன. 40 ஜிபி ஃபைலின் நடுவில் சிறு மாற்றம் என்றாலும், பழையதையும் புதுத் துண்டுகளையும் சேர்த்து 40 ஜிபிக்கு ஒரு புது ஃபைலை எழுதிய பிறகுதான் பழையது அழியும். அதனால் டவுன்லோட் 3 ஜிபி, எழுதுவது 40 ஜிபி, அதற்குக் காலி இடமும் வேண்டும். அப்டேட்டுக்கு எவ்வளவு இடம் வைப்பது என்று கேட்டால், டிரைவில் உள்ள மிகப்பெரிய கேமின் அளவுக்குக் காலியாக வைத்தால் நிம்மதி.

டவுன்லோட்ஸ் பக்கத்திலுள்ள வரைபடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீலப் பட்டைகள் நெட்வொர்க், பச்சைக் கோடு டிஸ்க். நீலம் பூஜ்யத்துக்குப் போய், பச்சை மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் நெட் போகவில்லை. எழுதும் வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் பதறிப்போய் ரவுட்டரை அணைத்து எழுப்புவதால் பயனில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இந்தக் கட்டம் டவுன்லோடை விட நீளலாம். நல்ல வேகமான நெட், பழைய ஹார்ட் டிஸ்க் என்ற கூட்டணியில் நீலப் பட்டை விட்டுவிட்டு எகிறி எகிறி விழுவதும் இதனால்தான்: இறங்கியதை விரித்து எழுதி முடிக்கும் வரை அடுத்ததை இறக்காமல் காத்திருக்கிறது. பிராசசர் பழையதானாலும் இதே கதை, சுருக்கியதை விரிப்பது அதன் வேலை.

வெளியீட்டுக்கு முன்பே இறக்கிவைக்கும் பிரீலோடிலும் இது வரும். அந்த ஃபைல்கள் பூட்டிய வடிவில் வரும். வெளியீட்டு நேரத்தில் ஸ்டீம் அவற்றைத் திறந்து மறுபடி எழுதும். அதற்கும் நேரமும் இடமும் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் பிரீலோட் செய்து, வெளியான நிமிடமே விளையாடலாம் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான எஸ்எஸ்டியில் வையுங்கள்.

வேகக் கட்டுப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. சிலருக்கு நேரம் குறிப்பதே தேவையில்லை. பகலில் மற்றவர்களுக்குத் தொல்லை இல்லாமல் மெதுவாக இறங்கினால் போதும். ஸ்டீமின் டவுன்லோட் அமைப்பில் வேக வரம்பு உண்டு. வீடியோ கால் திக்குவதற்கு நெட் போதாதது மட்டும் காரணமல்ல. டவுன்லோட் மொத்த வேகத்தையும் பிடித்துக்கொள்ளும்போது பாக்கெட்டுகள், அதாவது நெட்டில் போகும் தரவுத் துண்டுகள், வழியில் வரிசைகட்டி நிற்கின்றன. கால் அனுப்பும் சின்னப் பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கிறது. வரம்பை மொத்த வேகத்தில் 80 சதவீதம் வைத்தாலே வரிசை பெரும்பாலும் கலைந்துவிடும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நொடிக்கு 10 எம்பி. எண்ணைப் போடும்போது அலகைப் பாருங்கள். கிலோபிட்டா, கிலோபைட்டா என்று பார்க்காமல் போட்டால் எட்டு மடங்கு பிசகும். ஸ்டீம் போலவே கேம் இறக்கும் எபிக் லாஞ்சரில் இதே வரம்பு கிலோபைட்டில் இருக்கிறது: 10 எம்பிக்கு 10,000 என்று போட வேண்டும், 0 என்றால் வரம்பே இல்லை. பேட்டில்.நெட் என்ற இன்னொரு லாஞ்சரிலும் வரம்பு வைக்க வழி உண்டு. இந்த லாஞ்சர்களுக்கும் மேலே சொன்ன டாஸ்க் ஷெட்யூலர் முறையை முயலலாம், ஆனால் திறந்ததும் தானாகத் தொடர்கிறதா என்று பகலில் ஒருமுறை மூடித் திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

எக்ஸ்பாக்ஸ் ஆப் வழியாகக் கம்ப்யூட்டரில் இறக்கும் கேம்களுக்கு வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. அவை விண்டோஸ் தன் அப்டேட்டுகளை இறக்கப் பயன்படுத்தும் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' வழியாக வருகின்றன. விண்டோஸ் அப்டேட் நெட்டை இழுக்கிறது என்று எப்போதோ அங்கே வரம்பு வைத்திருந்தால், அது கேமையும் சேர்த்து மெதுவாக்கும். ஸ்டீமில் 11 எம்பி, எக்ஸ்பாக்ஸ் ஆப்பில் 1 எம்பி என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கன்சோலில் மணி குறிக்கும் வசதியைத் தேடாதீர்கள். அங்கே எல்லாமே ஸ்டாண்ட்பை நிலையை நம்பி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இல் பவர் சேவிங் அமைப்பில், ரெஸ்ட் மோடில் கிடைக்கும் வசதிகள் என்ற பகுதிக்குப் போய், இன்டர்நெட் இணைப்பைத் தக்கவை என்பதை ஆன் செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் அப்டேட் பகுதியில் தானாக டவுன்லோட் செய்வதற்கு ஒன்று, ரெஸ்ட் மோடில் தானாக இன்ஸ்டால் செய்வதற்கு ஒன்று என இரண்டு சுவிட்சுகள் உண்டு, இரண்டும் வேண்டும். இரவில் தொடங்க வைக்க எளிய வழி போனில் உள்ள பிளேஸ்டேஷன் ஆப்: கன்சோலை ரெஸ்ட் மோடில் விட்டுவிட்டு, படுக்கும்போது போனிலிருந்து டவுன்லோட் கொடுக்கலாம். பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் அப்டேட்டுக்குப் பின் வரும் 'காப்பியிங்' கட்டத்துக்கு கேமின் அளவுக்கே காலி இடம் விட வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் 2023 ஜனவரிக்குப் பின் நிலைமை மாறியிருக்கிறது. ஸ்லீப் நிலையில் 10 முதல் 15 வாட் வரை இழுக்கும்; ஷட்டவுன் நிலையில் 0.5 வாட். ஷட்டவுனில் இருந்தாலும் அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையே தானாக எழுந்து அப்டேட்டுகளை இறக்கிக்கொள்ளும். எனவே அப்டேட்டுக்காக ஸ்லீப்பில் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. போனிலிருந்து தொலைவில் இன்ஸ்டால் கொடுக்க வேண்டும் என்றால்தான் ஸ்லீப். நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்லீப் மோடிலேயே இறக்கும், சார்ஜில் வைத்தால் போதும்.

கன்சோலுக்குச் சரியான மணி வேண்டும் என்பவர்கள் ரவுட்டரின் பேரன்டல் கன்ட்ரோல் அட்டவணையைப் பயன்படுத்தலாம். அந்தக் கன்சோலுக்கு மட்டும் இரவு 1 மணி வரை நெட்டைத் தடுத்துவிட்டால், கையிலுள்ள டவுன்லோட் அதுவரை காத்திருக்கும். சில சமயம் நெட் திரும்ப வந்தும் எழாமல் தூங்கும். அப்போது ஆப்பிலிருந்து ஒரு தட்டு தட்ட வேண்டும். டைமர் வைத்த பிளக்கில் கன்சோலைச் செருகி மின்சாரத்தையே நிறுத்தி நிறுத்திக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்க்கில் உள்ள தரவு கெடும். மிச்சமுள்ளதை இறக்கப் போய் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டி வரும்.

இரவு நேர இலவச டேட்டா திட்டத்துக்காக இதைச் செய்பவர்கள் எல்லைகளில் கொஞ்சம் இடம் விடுங்கள். இலவச நேரம் 12 முதல் 6 வரை என்றால் 12:15-க்குத் தொடங்கி 5:45-க்கு நிறுத்துங்கள். உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரத்தை வைத்து நிறுவனம் கணக்கிடுவதில்லை, அதன் சர்வர் கடிகாரம்தான் செல்லும். ஸ்டீமின் நேர அமைப்பில் முழு மணிகள்தான் கொடுக்க முடியும். கால் மணி கணக்குக்கு டாஸ்க் ஷெட்யூலர்தான் வழி.

முதல் இரவே 100 ஜிபியை நம்பி விடாமல், மாலையில் ஒரு ஒத்திகை பாருங்கள். டாஸ்க்கைப் பத்து நிமிடம் தள்ளி வைத்து, கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டு, எழுகிறதா, ஸ்டீம் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்கிறதா, டவுன்லோட் தொடர்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால், லாகின் செய்யும்போது 'என்னை நினைவில் வை' டிக் ஆகவில்லை என்று அர்த்தம். எழவே இல்லை என்றால் வேக் டைமர். எழுந்து திரும்பத் தூங்கினால் ஸ்லீப் நேரம்.